நரம்பு வலிக்கென்று கடையில் விற்பவை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

சர்க்கரை நோயால் பாதம் எரிகிறது, ஊசி குத்துகிறது, இரவில் போர்வை பட்டாலே தாங்கவில்லை என்று அலைகிறவர்களின் மருந்துப் பையைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். நரம்பு வலி மருந்தான ப்ரிகாபலினும் பி12 வைட்டமினான மெத்தில்கோபாலமினும் சேர்ந்த மாத்திரை அட்டை, ‘நரம்புச் சத்து’ கேப்ஸ்யூல், தேய்க்க ஒரு களிம்பு. போதாததற்குப் பிள்ளைகள் இணையத்தில் தேடி வாங்கிக் கொடுத்த டென்ஸ் கருவியோ (தோலில் ஒட்டி மின்துடிப்பு கொடுப்பது) கால் மசாஜ் இயந்திரமோ கட்டிலுக்கு அடியில் கிடக்கும். இந்த மதிப்பீடு அந்தப் பையையும் கட்டிலுக்கு அடியில் கிடப்பதையும் பற்றியது. கம்பெனிக்குக் கம்பெனி பெரிய வித்தியாசம் இல்லை. வகைக்கு வகை உண்டு, அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்: இதன் அளவைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்க முடிகிறதா? கேட்கிறதா இல்லையா என்பது தனியாகத் தெரிகிறதா? காரணம், நரம்பு வலிக்கு எல்லோருக்கும் கேட்கிற மருந்து என்று ஒன்று கிடையாது. 2015-ல் ‘லான்செட் நியூராலஜி’ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு இதைக் கணக்காகவே சொல்கிறது. வெற்று மாத்திரை தருவதற்கு மேல் கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய வேண்டுமென்றால், ப்ரிகாபலினை ஏறக்குறைய 8 பேருக்குக் கொடுக்க வேண்டும் (7.7). டுலாக்ஸெட்டின் வகையை 6 பேருக்கு (6.4). அமிட்ரிப்டிலின் வகையை 4 பேருக்கும் குறைவாக (3.6). கடைசி எண்ணைப் பார்த்து உடனே மயங்க வேண்டாம், அந்த மருந்தின் ஆய்வுகள் பழையவை, சிறியவை. ஆக, நரம்பு வலிக்கு வைத்தியம் என்றாலே ஒன்றைச் சரியான அளவுக்கு ஏற்றிப் பார்ப்பது, கேட்காவிட்டால் இறக்கிவிட்டு அடுத்ததற்குப் போவது என்றுதான் நடக்கும். ஏற்றி இறக்க முடியாத சரக்கு இந்த வேலைக்கு உதவாது.

வாங்கும் முன்

முதலில், இது நரம்பு வலிதானா? எரிச்சல், கரண்ட் அடிப்பது போன்ற சுரீர் வலி, எறும்பு ஊர்வது, மதமதப்பு, பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு, லேசாகத் துணி உரசினாலே வலிப்பது ஆகியவை நரம்பின் அடையாளங்கள். சர்க்கரை நோயில் இது இரண்டு காலிலும் சமமாக, விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். இரவில் கூடும். நடந்தால் வந்து, நின்றால் போகிற கெண்டைக்கால் வலி ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். காலையில் முதல் அடி வைக்கும்போது மட்டும் குதிகால் வலித்தால் அது குதிகால் சவ்வு. இந்த இரண்டுக்கும் கீழே சொல்லப்போகிற எதுவும் மருந்தல்ல.

நரம்பு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் மாதிரியான வலி மாத்திரைகள் கேட்காது. அவை வீக்கத்தால் வரும் வலியைக் குறைப்பவை. இங்கே வலியை உண்டாக்குவது சேதமான நரம்பே. காயம் இல்லாமலேயே அது சைகை அனுப்பிக்கொண்டிருக்கிறது. கேட்காத மாத்திரையைத் தினமும் விழுங்கினால் சர்க்கரை நோயாளிக்கு மிஞ்சுவது சிறுநீரகச் சேதம்தான்.

இரண்டாவது, பாதத்தில் உணர்வு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கருவி எதுவும் தேவையில்லை. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, வீட்டில் இன்னொருவர் ஆள்காட்டி விரல் நுனியால் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என இரு காலிலும் மொத்தம் ஆறு இடங்களை ஓரிரு நொடி மட்டும் மெல்லத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது, தெரியவில்லை என்றால் மறுபடி தொடவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் பாதுகாப்பு உணர்வு போய்விட்டது என்று பொருள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவான சோதனை இது. இதில் தேறாத பாதத்துக்குச் சூடு, மிளகாய்க் களிம்பு, மின்கருவி மூன்றும் ஆபத்து. அதனால்தான் கடைக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்கிறோம்.

சர்க்கரை நோய் கிளினிக்குகளில் பாதத்தில் அதிர்வுக் கோலை வைத்துப் பார்க்கும் பயோதீசியோமீட்டர் சோதனை நல்லதுதான். 25 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் அதிர்வு தெரிகிறது என்றால் புண் வரும் ஆபத்து அதிகம். ஆனால் அது அளப்பது மரத்துப்போன அளவை, வலியை அல்ல. அதிர்வு பெரிய நரம்பிழைகளின் வேலை. எரிச்சல் மெல்லிய இழைகளிலிருந்து வருவது. எனவே அந்த ரிப்போர்ட்டும் நரம்பு மின்கடத்தல் சோதனையும் நார்மலாக இருந்தும் பாதம் எரியலாம். ‘ரிப்போர்ட் நல்லா இருக்கு, உங்களுக்கு ஒண்ணுமில்லை’ என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

கூட்டு மாத்திரை

கடையில் அதிகம் புழங்கும் சேர்க்கைகள் இவை: ப்ரிகாபலின் 75 மி.கி. உடன் மெத்தில்கோபாலமின் 750 அல்லது 1500 மைக்ரோகிராம்; ப்ரிகாபலின் 75 உடன் நார்ட்ரிப்டிலின் (அமிட்ரிப்டிலின் வகை) 10 மி.கி.; காபாபென்டின் (ப்ரிகாபலின் வகை) 300 உடன் மெத்தில்கோபாலமின் 500; காபாபென்டின் 400 உடன் நார்ட்ரிப்டிலின் 10. அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால் எது எவ்வளவு என்று தெரியும்.

முதல் சேர்க்கையில் வலியைக் குறைக்கிற சரக்கு ப்ரிகாபலின். நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வாசலின் ஒரு பகுதியில் ஒட்டிக்கொண்டு, வலிச் சைகையைக் கடத்தும் வேதிப்பொருட்கள் வெளிவருவதைக் குறைக்கிறது. சர்க்கரை நோய் நரம்பு வலிக்கும் அக்கி வந்துபோன பிறகு நிற்கும் வலிக்கும் அமெரிக்காவில் 2004 முதல் அனுமதி பெற்ற மருந்து.

வழக்கமாக இரவில் 75 மி.கி.யில் தொடங்குவார்கள், முதியவர்களுக்கு 25 அல்லது 50. மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை தலைசுற்றல் எப்படி என்று பார்த்துவிட்டுக் காலையும் இரவும் 75. போதாவிட்டால் வாரம் ஒருமுறை படியேற்றி, சர்க்கரை நோய் நரம்பு வலிக்கு நாளொன்றுக்கு 300 வரை போவார்கள். இரவில் மட்டும் ஒரு 75 போட்டுவிட்டு ‘ரெண்டு மாசம் சாப்பிட்டேன், கேட்கலை’ என்பவர்கள் ஏராளம். அவர்கள் அந்த மருந்தை இன்னும் சோதித்தே பார்க்கவில்லை என்பதே உண்மை.

இங்கேதான் கூட்டு மாத்திரை காலை வாருகிறது. உப்பையும் மிளகாய்த்தூளையும் ஒரே டப்பாவில் கலந்து வைத்துவிட்டால் குழம்புக்கு உப்பு மட்டும் கூட்ட வழியில்லை. ப்ரிகாபலினை 300-க்கு ஏற்ற நான்கு மாத்திரை வேண்டும். கூடவே மெத்தில்கோபாலமின் 6000 மைக்ரோகிராம் வரை போகிறது. அது உடம்பைக் கெடுக்காது, பணத்தைத்தான் கெடுக்கும். நார்ட்ரிப்டிலின் சேர்ந்த மாத்திரையில் நிலைமை வேறு. நான்கு மாத்திரைக்கு நார்ட்ரிப்டிலின் 40 மி.கி. ஆகிவிடுகிறது. வாய் வறட்சி, மலச்சிக்கல், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவது, புராஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வது எல்லாம் இந்த மருந்துக் குடும்பத்தின் குணம். எழுபது வயதுக்காரர் இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது கிறுகிறுத்து விழுந்தால், தள்ளிவிட்டது ப்ரிகாபலினா நார்ட்ரிப்டிலினா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்தே நிறுத்த வேண்டியதாகிறது.

சிறுநீரகம் இன்னொரு சிக்கல். ப்ரிகாபலின் கல்லீரலில் உடைவதில்லை. ஏறக்குறைய முழுவதும் அப்படியே சிறுநீரில் போகிறது. சிறுநீரக வடிகட்டும் வேகம் 60-க்குக் கீழ் இறங்கினால் மருந்தைப் பாதியாக்க வேண்டும், 30-க்குக் கீழ் என்றால் கால் பங்கு. நார்ட்ரிப்டிலினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒன்றைப் பாதியாக்கி இன்னொன்றை விட்டுவைக்க கூட்டு மாத்திரையில் வழி ஏது? சர்க்கரை நோய் பத்து வருடம் தாண்டியவருக்குச் சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் இந்த அட்டையைத் தொடர்வது தவறு. பகலெல்லாம் தூக்கம், உளறல், கைநடுக்கம் என்று அழைத்து வரப்படும் முதியவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த அட்டை போடுகிறீர்களா, கிரியேட்டினின் பார்த்தீர்களா என்பதுதான்.

இதற்காக இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. 2022-ல் ‘லான்செட்’டில் வந்த ஆப்ஷன்-டிஎம் ஆய்வில், பிரிட்டனில் 130 சர்க்கரை நோயாளிகளுக்கு அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின், ப்ரிகாபலின் மூன்றில் ஏதேனும் ஒன்றைக் கொடுத்துத் தொடங்கினார்கள். போதாதவர்களுக்கு மட்டும் இரண்டாவதைச் சேர்த்தார்கள். எதில் தொடங்கினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். சேர்த்தபோது கூடுதலாகக் குறைந்தது. ஆனால் அங்கே ஒவ்வொன்றும் தனித்தனியாக, தாங்கும் அளவுக்கு ஏற்றப்பட்டது, முதல் நாளிலிருந்தே ஒட்டவைத்துக் கொடுக்கப்படவில்லை.

எனவே கூட்டு மாத்திரைக்கு எங்கள் மதிப்பெண் குறைவு, தனி ப்ரிகாபலினுக்கு அதிகம். மருத்துவரிடம் ‘இதையே தனித்தனியா எழுதித் தர முடியுமா’ என்று கேட்பதில் தவறில்லை. தனி ப்ரிகாபலின் ஜன் ஔஷதி கடைகளிலும் கிடைக்கும். அளவு நிலைபெற்று, எல்லாம் ஒத்துக்கொண்ட பிறகு அதே அளவில் ஒரு கூட்டு மாத்திரை அமைந்தால், மாத்திரை எண்ணிக்கை குறையட்டும் என்று அதற்கு மாறலாம். அந்த இடத்தில் மட்டும் அது வசதி.

ப்ரிகாபலினிலேயே தவறிப்போகும் சில விஷயங்கள். கால் வீக்கமும் எடை கூடுவதும் இதன் குணம். பயோக்ளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு வீக்கம் இன்னும் கூடும். இருமல் சிரப்பில் இருக்கும் கோடீன், டிரமடால், தூக்க மாத்திரை, மது ஆகியவற்றோடு சேர்ந்தால் மூச்சை மந்தப்படுத்தும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களை அமெரிக்க மருந்துத் துறை 2019-ல் தனியாகவே எச்சரித்தது. திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை, வியர்வை, பதற்றம் வரும், குறைந்தது ஒரு வாரம் எடுத்துப் படிப்படியாக இறக்க வேண்டும். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. பழக்கமாகிவிடும் என்பதால் பிரிட்டனில் 2019 ஏப்ரல் முதல் கட்டுப்பாட்டுப் பட்டியலிலேயே வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அட்டையில் இரண்டைக் கிழித்துக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை.

இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கிற சயாட்டிகா வலிக்கும் இதே அட்டையை எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. 2017-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆய்வில் சயாட்டிகாவுக்கு ப்ரிகாபலின் வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக எதுவும் செய்யவில்லை, தலைசுற்றல்தான் கூடியது.

டுலாக்ஸெட்டின் பற்றிச் சுருக்கமாக: 30 மி.கி. ஒரு வாரம், பிறகு 60, சாப்பாட்டுக்குப் பின். முதல் வாரக் குமட்டலைத் தாண்டிவிட்டால் பலருக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது, எடை கூட்டாது, பகல் தூக்கமும் குறைவு. கல்லீரல் நோய், கடுமையான சிறுநீரகக் குறைபாடு இருந்தால் கூடாது. ‘இது மனச்சோர்வு மாத்திரை, எனக்கு எதுக்கு’ என்று இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு நிறுத்துபவர்கள் உண்டு. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் வலியடக்கும் பாதையைப் பலப்படுத்துவது இதன் இன்னொரு வேலை. மனச்சோர்வு இல்லாதவருக்கும் அது நடக்கும்.

எந்த மருந்தானாலும் காலண்டரில் தினமும் இரவு 0 முதல் 10 வரை ஒரு எண் எழுதி வையுங்கள். தாங்கும் உச்ச அளவில் நான்கு வாரம் போன பிறகு சராசரி மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. பாதியாகக் குறைந்தால் அது நல்ல வெற்றி. பூஜ்யத்துக்கு வருவது அரிது. அதை எதிர்பார்த்தே பலர் நல்ல மருந்தைக் கைவிடுகிறார்கள்.

நரம்புச் சத்து கேப்ஸ்யூல்

மெத்தில்கோபாலமின் என்பது பி12. குறைபாடு இருந்தால் இதைவிடச் சிறந்த நரம்பு மருந்து கிடையாது, இல்லாவிட்டால் வலிக்கு உதவும் என்பதற்குச் சான்று பலவீனம். மெட்ஃபார்மின் பல வருடமாக எடுப்பவர்களுக்கும் சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைவது சகஜம். செய்ய வேண்டியது, மாத்திரையை ஆரம்பிப்பதற்கு முன் ரத்தத்தில் பி12 பார்ப்பது. மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200-க்கும் 300-க்கும் இடையே என்றால் சந்தேகம். கூட்டு மாத்திரையை இரண்டு மாதம் விழுங்கிவிட்டுச் சோதித்தால் எண் எகிறித்தான் நிற்கும், முதலில் குறைவாக இருந்ததா என்பது கடைசிவரை தெரியாது. கூட்டு மாத்திரையின் இன்னொரு கெடுதல் இது.

குறைபாடு உறுதியானால் ஊசிதான் வேண்டும் என்றில்லை. 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு குடலில் தானாகவே ஊறிவிடும். அதுவே 10 மைக்ரோகிராம், ஒரு நாள் தேவையைப் போல நான்கு மடங்கு. ஆனால் நடை தள்ளாடுவது, மரத்துப்போவது என்று நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் மருத்துவர்கள் ஊசியில்தான் தொடங்குவார்கள், அதுவே சரி.

ஐந்தாறு பொருள் சேர்ந்த கேப்ஸ்யூல்கள்தான் கவலை தருபவை. ஆல்ஃபா லிபோயிக் அமிலம் சர்க்கரை நரம்பு வலிக்கு ஓரளவு உதவுவதாகக் காட்டிய ஆய்வுகளில் கொடுத்த அளவு நாளுக்கு 600 மி.கி.; நம் கேப்ஸ்யூலில் பெரும்பாலும் 100 இருக்கும். பெயருக்குச் சேர்த்தது. பைரிடாக்சின், அதாவது பி6, அதிகமானால் அதுவே நரம்பைக் கெடுத்து மதமதப்பையும் எரிச்சலையும் கொண்டுவரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் இதன் உச்சவரம்பை நாளுக்கு 12 மி.கி. என்று இறக்கியது. அட்டையின் பின்பக்கம் பாருங்கள், 50-ம் 100-ம் போட்டிருப்பதைக் காணலாம். எரிச்சலுக்கென்று வாங்கிய மாத்திரையே எரிச்சலைக் கொடுத்துக்கொண்டிருந்தால் யாருக்கு சந்தேகம் வரும்? (காசநோய்க்கு ஐசோநியாசிட் எடுப்பவர்களுக்குக் கொடுக்கும் பி6 வேறு கணக்கு, அதை நிறுத்திவிடாதீர்கள்.) ஃபோலிக் அமிலம் சேர்ந்திருந்தால் இன்னொரு தொல்லை: பி12 குறைபாட்டின் ரத்தசோகை மறைந்துவிடும், நரம்புச் சேதம் மட்டும் சத்தமில்லாமல் தொடரும்.

டென்ஸ் கருவி

தோல் வழியாக மெல்லிய மின்துடிப்பு கொடுத்து வலியை மட்டுப்படுத்தும் சின்னப் பெட்டி. 1965-ல் மெல்ஸாக், வால் இருவரும் சொன்ன ‘வாசல்’ கோட்பாடுதான் இதற்கு அடிப்படை: தொடு உணர்வைக் கொண்டுபோகும் தடித்த இழைகளைத் தூண்டிவிட்டால், தண்டுவடத்தில் வலிச் சைகை நுழையும் வாசல் ஓரளவு மூடிக்கொள்கிறது. சான்று நடுத்தரம்தான். அமெரிக்க நரம்பியல் கழகம் 2010-ல் சர்க்கரை நரம்பு வலிக்கு இதை முயன்று பார்க்கலாம் என்றது; 2017-ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, நரம்பு வலி ஆய்வுகளின் தரம் மிகக் குறைவு, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. ஆனால் மருந்தோடு மோதாது, தூக்கம் வராது, பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம். மாத்திரைக்குத் துணையாக வைத்துக்கொள்ள ஏற்ற பொருள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, வேகத்தையும் (ஹெர்ட்ஸ்) துடிப்பு அகலத்தையும் (மைக்ரோ செகண்ட்) நாமே வைக்க முடிகிறதா என்பது. ‘பதினாறு மோடு, மசாஜ், கப்பிங், டேப்பிங்’ என்று படம் போட்ட கருவிகளில் எந்த மோடில் எத்தனை ஹெர்ட்ஸ் போகிறது என்று தெரியாது, அவற்றில் பாதி தசையைத் துடிக்கவைப்பதற்கானவை. ஹெர்ட்ஸும் மைக்ரோ செகண்டும் திரையில் தெரிகிற, இரண்டு சேனலுக்கும் தனித்தனியாக அளவு வைக்க முடிகிற கருவி போதும். கூடவே ஒட்டும் பேடுகள் எந்த இணைப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்: 2 மி.மீ. பின் வகை பொதுவானது, எங்கும் கிடைக்கும். பட்டன் வகையில் அளவு மாறும். பேடு தீர்ந்ததும் அதே கம்பெனியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

பயன்படுத்தும் முறை: 5 செ.மீ. சதுர பேடுகள் நான்கு. மரத்துப்போன பாதத்தில் ஒட்டாதீர்கள். உணர்வு இல்லாத இடத்தில் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று தெரியாமல் தோல் வெந்துவிடும். தொடு உணர்வு இழைகள் அங்கே செத்துப்போயிருந்தால் தூண்டுவதற்கும் ஆளில்லை. உணர்வு நன்றாக இருக்கும் இடத்தில், நரம்பு போகும் பாதையில் ஒட்ட வேண்டும். உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒன்று, அதே காலின் கெண்டைச் சதை நடுவில் ஒன்று. அடுத்த சேனல் மற்றக் காலுக்கு. கணுக்காலும் மரத்திருந்தால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமும் கெண்டையிலும். தோலைச் சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்த பிறகே ஒட்டுங்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் பேடு ஓரத்தில் மட்டும் ஒட்டி அந்த இடம் சுரீர் என்று குத்தும். 80 முதல் 100 ஹெர்ட்ஸ், 100 முதல் 200 மைக்ரோ செகண்ட். தீவிரத்தைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, பலமான ஆனால் வலிக்காத குறுகுறுப்பு வரும்போது நிறுத்துங்கள். சதை துடித்தால் அதிகம். ஐந்து நிமிடத்தில் உணர்வு பழகி மங்கும், அப்போது ஒரு படி ஏற்றுங்கள். கேட்கவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் பயந்துகொண்டு இரண்டாம் புள்ளியிலேயே வைத்திருப்பவர்கள். ஒரு தடவைக்கு 30 முதல் 60 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. படுக்கப் போகும் முன் ஒன்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒட்டியபடியே தூங்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பயன்படுத்தக் கூடாது.

பலன் பெரும்பாலும் கருவி ஓடும் நேரத்திலும் அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்துக்கும்தான். பேடுகள் இருபது முப்பது முறைக்குப் பிறகு பசை போய்விடும். ஒரு சொட்டுத் தண்ணீர் தடவிப் பிளாஸ்டிக் தாளில் திரும்ப ஒட்டிவைத்தால் இன்னும் சில நாள் ஓடும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கழுத்தின் முன்புறத்திலும், புண் இருக்கும் இடத்திலும் யாரும் ஒட்டக் கூடாது.

களிம்பும் பட்டையும்

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் வலி நரம்பின் சூட்டு உணர்வியைத் திரும்பத் திரும்பத் தூண்டி ஓயவைக்கிறது. அந்த உணர்வியைக் கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஓயவைப்பதுதான் வேலை என்பதால், வலிக்கும்போது மட்டும் தடவினால் எரிச்சல்தான் மிச்சம். 0.075 சதவீதக் களிம்பை நாளுக்கு மூன்று நான்கு முறை, விடாமல் சில வாரம் தடவ வேண்டும். முதல் இரண்டு வாரம் எரிச்சல் கூடும், பிறகுதான் குறையும். கடையில் கிடைக்கும் பல ஜெல்களில் கேப்சைசின் 0.025 சதவீதம்தான், அதுவும் டைக்ளோஃபினாக், மெந்தாலோடு சேர்ந்து; அவை மூட்டு வலிக்கு உரியவை. கையுறை போட்டுத் தடவுங்கள். கையில் பட்டால் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ தொட்டுத் துடைத்துவிட்டுச் சோப்புப் போடுங்கள். வெந்நீரில் குளித்த உடனே தடவ வேண்டாம். வெடிப்பு, புண், தொடு சோதனையில் தேறாத பாதம் எதிலும் தடவக் கூடாது. வீட்டில் மிளகாய் அரைத்துப் பூசுவது வைத்தியமல்ல, தோல் வெந்துபோகும்.

லிக்னோகெய்ன் 5 சதவீதப் பட்டை அக்கி வந்துபோன இடத்து வலிக்கு நல்ல மருந்து. மாத்திரை தாங்காத முதியவர்களுக்கு முதலில் யோசிக்க வேண்டியதே இதுதான். 12 மணி நேரம் ஒட்டி 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும், ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. பின்தாளை உரிக்கும் முன் கத்தரியால் வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். அக்கிக் கொப்புளம் ஆறாத தோலில் ஒட்டக் கூடாது. கழற்றிய பட்டையில் மருந்தின் பெரும்பகுதி மிச்சமிருக்கும். மடித்துக் குழந்தை கைக்கு எட்டாமல் போடுங்கள். வியர்க்கும் உள்ளங்காலில் சரியாக ஒட்டாது, விலையும் கூடுதல். இரண்டு பாதமும் எரிபவர்களுக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டோம்.

சூடு, அதிர்வு, செருப்பு

வெந்நீர் ஒத்தடப் பை, இன்ஃப்ராரெட் விளக்கு, சூடு வைக்கும் கால் மசாஜ் இயந்திரம், முள் முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் பாய்: மரத்துப்போன பாதத்துக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். சூடு பட்டது தெரியாமல் கொப்புளமாகி, கொப்புளம் புண்ணாகி, விரலை எடுக்க வேண்டிய நிலைக்குப் போவது இந்தப் பொருட்களின் வழியாகத்தான் நடக்கிறது. உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைப்பதும் இதே கணக்கு.

இவற்றுக்குக் கொடுக்கும் காசை எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்புக்குக் கொடுக்கலாம். வேலூர் சி.எம்.சி.யிலும் காரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளுக்காகச் செய்த வேலையிலிருந்து பரவிய வகை இது. வலியைக் குறைக்கிற மருந்தல்ல, ஆனால் உணர்வில்லாத பாதத்தில் அழுத்தத்தைப் பரப்பிப் புண் வராமல் காக்கும். உட்புற ரப்பர் கட்டைவிரலால் அழுத்தினால் நன்றாக அமுங்க வேண்டும், ரப்பரின் கெட்டித்தன்மையை அளக்கும் ஷோர் அளவில் 15 என்ற மென்மை. அடிப்பகுதி முள் நுழையாதபடி கெட்டியாக, ஆணியே அடிக்காமல், பின்னால் வாருடன் இருக்க வேண்டும். வார் இல்லாத செருப்பு கழன்று போவதே மரத்த காலுக்குத் தெரியாது. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பார்த்து வாங்குங்கள். ரப்பர் அமுங்கித் தட்டையானதும் மாற்றிவிட வேண்டும், மேல்பக்கம் புதிதாகத் தெரிகிறதே என்று போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

எதையும் வாங்காமல் மருத்துவரிடம் போக வேண்டிய சமயங்கள்

ஒரு காலில் மட்டும் வலியும் பலவீனமும், சில நாட்களில் வேகமாக ஏறும் பலவீனம், தோலில் உணர்வற்ற வெளிறிய தேமல், முழங்கைப் பக்கம் கயிறாகத் தடித்த நரம்பு (தொழுநோய் இன்னும் நம்மிடையே இருக்கிறது, இலவசக் கூட்டு மருந்தில் குணமாகிறது), முகத்தில் மின்னல் வலி (அதற்கு மருந்து கார்பமசபின், ப்ரிகாபலின் அல்ல) ஆகியவற்றுக்குக் கடை மருந்து உதவாது. இடுப்பு வலியோடு பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துச் சிறுநீர் நின்றுபோனால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மூன்று மாதத்துக்குள் இரண்டு புள்ளிக்கு மேல் தடாலென்று இறங்கியவர்களுக்குச் சர்க்கரை நன்றாக இருக்கும் நேரத்தில் திடீரென்று கடும் எரிச்சல் வருவதுண்டு. இன்சுலின்தான் காலைக் கெடுத்தது என்று அதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. இந்த வகை வலி மாதக் கணக்கில் மெல்லத் தணியும். அதுவரை மேலே சொன்ன மருந்துகளில் ஏதேனும் ஒன்று துணையிருக்க வேண்டும், கண் விழித்திரையையும் அந்தச் சமயத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.